அம்மா முட்டிக்கு ஆபரேஷன் வேணுமா? மூட்டுத் தேய்மானமும் 12 வாரக் கணக்கும்

போன எபிசோடுல சர்வர் மைக்ரேஷன் பத்திப் பேசிட்டு, இந்த வாரம் முட்டி வலிக்கு வந்துட்டானேன்னு நினைக்காதீங்க. உங்கள்ல நிறைய பேருக்கு வயசு இருபத்தஞ்சுல இருந்து முப்பத்தஞ்சுக்குள்ள. அப்போ உங்க அம்மாவுக்கு வயசு அம்பதுல இருந்து அறுபதுக்குள்ள. இன்னிக்கு இல்லேன்னாலும் ஒருநாள், "முட்டி தேஞ்சு போச்சாம்ப்பா, ஆபரேஷன்னு சொல்றாங்க"ன்னு உங்களுக்கு ஒரு போன் வரும். எனக்குப் போன வருஷம் தை மாசம் வந்துச்சு.

முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல. கோடு எழுதிப் பிழைக்கிறவன். இது மருத்துவ ஆலோசனை கிடையாது. ஒரு முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி நான் என்ன படிச்சேன், எங்க தப்பு பண்ணேன்ங்கிறதுதான் இந்த எபிசோடு.

நம்ம ஊர் குருவிகுளம். சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவுல இருக்கிற கரிசக்காடு. அம்மாவுக்கு 57 வயசு. சின்ன வயசுல குத்தவச்சு தீப்பெட்டி ஒட்டினாங்க. அப்புறம் முப்பது வருஷம் காட்டு வேலை. பருத்தி எடுக்கிறது, உளுந்துக்குக் களை எடுக்கிறதுன்னு எல்லாமே குனிஞ்சும் குத்தவச்சும் செய்ற வேலை. அப்பா தவறி மூணு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் அம்மா ஊர்ல தனியாத்தான் இருக்காங்க. நான் சென்னையில, ஓஎம்ஆர்ல.

பொங்கலுக்குப் போனப்போ, அம்மா பஸ் படியில ஏற முடியாம கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னதைப் பாத்தேன். அடுத்த வாரமே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பேர் வேண்டாம். எக்ஸ்ரே எடுத்தாங்க. டாக்டர் அதை லைட்ல வச்சுக் காட்டி, "எலும்பு எலும்போட உரசுது. ரெண்டு முட்டியும் மாத்தணும்"னார். உள்ள போய் வெளிய வர்றதுக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகல. வெளிய ஒருத்தங்க பேக்கேஜ் எழுதின தாளைக் குடுத்தாங்க. ரெண்டு முட்டிக்கும் சேத்து 4 லட்சத்து 80 ஆயிரம்.

நான் அங்கயே நின்னு போன்ல பர்சனல் லோன் பாத்தேன். பணம் கட்டிட்டா நல்ல மகன்னு ஒரு நினைப்பு. அம்மாதான், "எய்யா, இப்ப என்ன அவசரம்? யோசிச்சுச் செய்வோம்"னாங்க. அவங்க அன்னிக்கு அப்படிச் சொல்லலேன்னா இந்த எபிசோடே இல்ல.

எக்ஸ்ரே எதைக் காட்டும், எதைக் காட்டாது

மூட்டுத் தேய்மானத்துக்கு மருத்துவப் பேர் ஆஸ்டியோஆர்த்ரைடிஸ். எலும்பு நுனியில வழவழப்பா இருக்கிற குருத்தெலும்பு மெலிஞ்சு போறது அதோட ஒரு பகுதி. ஆனா குருத்தெலும்புக்குள்ள நரம்பே கிடையாது. அப்போ வலி எங்க இருந்து வருது? அடியில இருக்கிற எலும்பு, மூட்டைச் சுத்தியிருக்கிற சவ்வு, அதுல வர்ற வீக்கம், பலவீனமான தொடைத் தசை, இதுக்கெல்லாம் மேல நரம்பு மண்டலம். ரொம்ப நாள் வலி இருந்தா, அந்த சிக்னலை மூளையும் தண்டுவடமும் பெருசாக்கிடும். தூக்கம் கெட்டா, மனசு சரியில்லேன்னா வலி இன்னும் கூடும்.

அதனாலதான் எக்ஸ்ரேவும் வலியும் பல நேரம் ஒத்துப்போகாது. படத்துல மோசமாத் தெரியுற முட்டியோட ஜாலியா நடக்கிறவங்க இருக்காங்க. படம் சுமாரா இருந்தும் வலியில துடிக்கிறவங்களும் இருக்காங்க. இதைப் படிச்சப்போதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. அம்மாவுக்கு வலி கூடினது அப்பா போன வருஷத்துலதான். அந்த வருஷத்துல முட்டி திடீர்னு தேஞ்சிருக்காது. அவங்க தூக்கம்தான் போயிருந்துச்சு. அதை எந்த ஸ்கேனும் காட்டல. நானும் கேட்டதில்ல.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. 2016ல வெளியான ஒரு ஆய்வு, இந்தியாவுல அஞ்சு இடங்கள்ல ஆட்களைப் பரிசோதிச்சு, முழங்கால் தேய்மானம் 28.7 சதவீதம் பேருக்கு இருக்குன்னு சொல்லுது.

ஆபரேஷனா, பயிற்சியா: நேருக்கு நேர் வச்ச ஒரு ஆய்வு

2015ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல டென்மார்க்காரங்க ஒரு ஆய்வு போட்டாங்க. முட்டி மாத்தலாம்னு டாக்டர்களே சொன்ன 100 பேரை, சீட்டுக் குலுக்குற மாதிரி ரெண்டா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு ஆபரேஷன், அப்புறம் 12 வாரப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு ஆபரேஷன் இல்லாம அந்த 12 வாரம் மட்டும். அதாவது உடற்பயிற்சி, நோயைப் பத்தின பாடம், உணவு ஆலோசனை, செருப்புக்குள்ள வைக்கிற இன்சோல், தேவைப்பட்டா வலி மாத்திரை.

ஒரு வருஷம் கழிச்சு 100க்கு மார்க் போட்டாங்க. ஆபரேஷன் குழு சராசரியா 32.5 புள்ளி முன்னேறிச்சு. பயிற்சிக் குழு 16 புள்ளி. ஆபரேஷன்தான் ஜெயிச்சிருக்கு, அதை மறைக்கக் கூடாது. ஆனா மீதியையும் பாருங்க. ஆபரேஷன் குழுவுல தீவிரமான பாதிப்புகள் 24, இன்னொண்ணுல 6. பயிற்சிக் குழுவுல அந்த ஒரு வருஷத்துக்குள்ள ஆபரேஷனுக்குப் போனவங்க நாலுல ஒரு பங்குதான். ரெண்டு வருஷம் கழிச்சும் மூணுல ரெண்டு பங்கு பேர் போகல.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வலி ரொம்பக் கடுமையா இருந்தவங்களை இந்த ஆய்வுல சேக்கல. அதனால ராத்திரி பூரா வலியில தூங்காதவங்க, வீட்டுக்குள்ளயே நடக்க முடியாதவங்க, இதைக் காட்டி ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லக் கூடாது. எங்க அத்தை ஒருத்தங்க அந்த நிலைமையில மாத்திக்கிட்டாங்க. இப்போ நல்லா இருக்காங்க. 2019ல லான்செட்ல வந்த ஆய்வுப்படி, முழுசா மாத்தின முட்டிகள்ல சுமார் 82 சதவீதம் 25 வருஷம் தாங்குது. நல்ல ஆபரேஷன்தான். யாருக்கு, எப்போ, அதுக்கு முன்னாடி வேற என்ன செஞ்சு பாத்தோம்ங்கிறதுதான் கேள்வி. நம்ம பாஷையில சொன்னா, ஒரு பக் ரிப்போர்ட் வந்ததும் மொத்தத்தையும் ரீரைட் பண்ணலாம்னு சொல்ற டீம் லீடை நாம நம்புவோமா?

ஊசி, மாத்திரை, மஞ்சள்

நான் படிக்கப் படிக்க, நடுவுல நிறைய கடை விரிச்சிருக்கிறது தெரிஞ்சுது. ஒவ்வொண்ணா சொல்றேன்.

ஸ்டீராய்டு ஊசி: கொஞ்ச நாளைக்கு வலி குறையும். ஆனா 2017ல வந்த ஒரு ஆய்வுல 12 வாரத்துக்கு ஒருதடவைன்னு ரெண்டு வருஷம் போட்டுப் பாத்தாங்க. வலியில வித்தியாசம் இல்ல, குருத்தெலும்பு கூடுதலாக் கரைஞ்சிருந்துச்சு. 2020ல இன்னொரு ஆய்வு இந்த ஊசியையும் பிசியோதெரபியையும் ஒப்பிட்டுப் பாத்துச்சு. ஒரு வருஷ முடிவுல பிசியோதெரபிதான் மேல்.

பிஆர்பி, அதாவது நம்ம ரத்தத்தையே எடுத்துப் பிரிச்சு முட்டியில ஏத்துறது: ஆஸ்திரேலியாவுல 288 பேரை வச்சு, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி ஊசி போட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு வலியிலயோ குருத்தெலும்புலயோ சொல்லிக்கிற வித்தியாசம் இல்ல.

குளுக்கோசமைன் மாத்திரை: 2006ல அமெரிக்காவுல 1,583 பேர். மொத்தத்துல பாத்தா டம்மி மாத்திரையைவிட மேல் இல்ல.

மஞ்சள்: இதுல எனக்கே ஆச்சரியம். டாஸ்மேனியாவுல 70 பேரை வச்சு 12 வாரம் மஞ்சள் சாறு மாத்திரையைச் சோதிச்சுப் பாத்தாங்க. வலி ஓரளவு குறைஞ்சுது. ஆனா மூட்டு வீக்கத்துலயோ குருத்தெலும்புலயோ மாற்றம் இல்ல. அது சாறு எடுத்த மாத்திரைங்க, பால்ல போடுற கால் டீஸ்பூன் இல்ல.

எடை: நாம ஒரு கிலோ குறைஞ்சா, ஒவ்வொரு அடிக்கும் முட்டியில விழுற பாரம் நாலு கிலோ குறையும். உடல் பருமனோட முட்டித் தேய்மானமும் இருந்த 407 பேரை வச்சு செமாக்ளூடைட் ஊசியைச் சோதிச்ச ஆய்வு 2024ல வந்துச்சு. 68 வாரத்துல அந்த ஊசி போட்டவங்களுக்கு எடை சராசரியா 13.7 சதவீதம் குறைஞ்சுது, வலியும் நல்லாவே குறைஞ்சுது. அதை டாக்டர் சொல்லாம யாரும் தொடக் கூடாது.

இதெல்லாத்தையும்விட என்னைப் பயமுறுத்தினது அம்மாவோட முந்தானை முடிச்சு. அதுக்குள்ள மெடிக்கல்ல பேப்பர்ல மடிச்சுக் குடுத்த கலர் கலரான வலி மாத்திரை. பிரஷர் மாத்திரையோட சேத்து ரெண்டு வருஷமா போட்டிருக்காங்க. டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளை இப்படித் தொடர்ந்து முழுங்கினா பிரஷர் ஏறும், வயித்துல புண் வரும், கிட்னி கெடும். வெளியில தேய்க்கிற டைக்ளோஃபெனாக் ஜெல்லுல ரத்தத்துக்குள்ள போற மருந்து ரொம்பக் கம்மி. முட்டிக்கு முதல்ல அதைப் பாருங்கன்னுதான் வழிகாட்டுதல்களும் சொல்லுது.

"நான் நாள் பூரா வேலைதான செய்யுதேன்?"

ரெண்டாவது கருத்துக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த டாக்டர் அம்மாவை எழுந்து நடக்கச் சொன்னார், முட்டியை மடக்கி நீட்டிப் பாத்தார், தொடையை அமுக்கிப் பாத்தார். "மூணு மாசம் பயிற்சி செய்ங்க. அப்புறம் பேசுவோம்"னார்.

2021 ஆகஸ்ட்ல தமிழ்நாட்டுல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல, சுகர், பிரஷர் மாத்திரையோட பிசியோதெரபியும் உண்டு. எனக்கு அது தெரியாது. அம்மாவுக்கு மாசாமாசம் பிரஷர் மாத்திரை கொண்டு வர்ற அக்காதான் சொன்னாங்க. அவங்க மூலமா ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து பயிற்சி சொல்லிக் குடுத்தாங்க. நாற்காலியில இருந்து கையை ஊனாம எழுந்து உக்காரணும். முட்டிக்கு அடியில துண்டைச் சுருட்டி வச்சு அமுக்கணும். காலை நீட்டித் தூக்கணும். திண்ணைப் படியில ஏறி இறங்கணும். அவ்வளவுதான்.

அம்மா செய்யல. நான் போன்ல கேட்டா, "நான் நாள் பூரா வேலைதான செய்யுதேன்? இதுல தனியா எக்ஸர்சைஸ் வேறயா?"ன்னாங்க. நியாயமான கேள்விங்க. எங்கிட்ட பதில் இல்ல. பிசியோதெரபிஸ்ட்தான் சொன்னாங்க: "காட்டு வேலை முட்டியைப் பயன்படுத்துதும்மா. தொடையைப் பலமாக்கல. குத்தவச்சே இருந்தா முட்டிமேல பாரம்தான் ஏறும். நாங்க சொல்றது கொஞ்சம் கொஞ்சமா அந்தப் பாரத்தைத் தாங்கப் பழக்குறது." கூடவே ஒரு கணக்கும் குடுத்தாங்க. பயிற்சியில வலி 10க்கு 5க்குள்ள இருந்து, மறுநாளைக்குள்ள பழைய நிலைமைக்கு வந்துட்டா பயப்பட வேண்டாம். அதுக்கு மேல போனா எண்ணிக்கையைக் குறைங்க.

நான் வீடியோ கால் வச்சேன். காலையில 7 மணி, நான் சென்னையில நாற்காலி, அம்மா ஊர்ல நாற்காலி. சேர்ந்து எழுந்து உக்காந்தோம். ரெண்டாவது வாரம் வலி கூடி, "போதும்யா"ன்னு விட்டுட்டாங்க. நாலு நாள் கழிச்சு அவங்களே கூப்பிட்டாங்க. பயிற்சிக்காகவா, பேசுறதுக்காகவான்னு நான் கேக்கல.

4 லட்சத்து 80 ஆயிரத்துக்குப் பதிலா நாங்க செலவு பண்ணது எல்லாம் வீட்டுல. குத்தவைக்கிற கக்கூஸை மாத்தி உக்கார்ற மாதிரி வச்சோம். அடுப்புக்குப் பக்கத்துல உயரமான ஸ்டூல் வச்சோம். கம்பு ஊன மட்டும் ஒத்துக்கவே இல்ல. "கிழவின்னுருவாக"ன்னாங்க. இப்போ இருட்டினப்புறம் மட்டும் ஊனுறாங்க, வலி கம்மியா இருக்கிற பக்கத்துக் கையில. அதுதான் சரியான கை.

12 வாரத்துல 30 விநாடிக்கு 6 தடவை எழுந்தவங்க 11 தடவை எழுந்தாங்க. எடை மூணு கிலோ குறைஞ்சுது. முந்தானை முடிச்சுல மாத்திரை இல்ல. தரையில உக்காந்து சாப்பிட இன்னும் முடியல. மாடிப்படி இறங்கும்போது இன்னும் வலிக்கி. இடது முட்டிக்கு இன்னும் சில வருஷத்துல ஆபரேஷன் வேண்டியிருக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். அப்படி வந்தா செய்வோம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துல முட்டி மாற்று சிகிச்சையும் இருக்கு. முட்டிக்குள்ள வைக்கிற உபகரணத்துக்கு 2017 ஆகஸ்ட்லயே மத்திய அரசு விலை உச்சவரம்பு வச்சுது. சாதாரண கோபால்ட் குரோமியம் முட்டிக்கு அன்னிக்கு வரி சேக்காம 54,720 ரூபாய். யாராவது பேக்கேஜ் தாளை நீட்டினா, இதுல முட்டிக்கு எவ்வளவு, மீதி எதுக்குன்னு கேளுங்க.

போன ஆடித்தபசுக்கு அம்மாவோட சங்கரன்கோவில் போனேன். அங்க கோயிலைச் சுத்தி வர்றதை ஆடிச்சுத்துன்னு சொல்லுவாங்க. கோமதி அம்மன் ஒத்தக்கால்ல தவம் நிக்கிறப்போ அவளுக்கு வர்ற கால் வலியை, சுத்துறவங்க வாங்கிக்கிறதா நம்பிக்கை. "எனக்கே வலி, இதுல அவ வலியையும் வாங்கணுமாம்மா?"ன்னு கிண்டல் பண்ணேன். "பேசாம வால"ன்னுட்டு நடந்தாங்க. 11 சுத்துன்னு நினைச்சு வந்தாங்க. மூணு சுத்து முடிச்சு, மண்டபத்துல தூணைப் புடிச்சு உக்காந்துட்டு, "மிச்சத்தை அடுத்த வருஷம் பாப்போம்"னாங்க.

அவ்வளவுதான் மக்களே. இந்த வாரம் உங்க அம்மாவுக்கு போன் பண்ணா, சாப்டியான்னு கேக்கிறதோட, என்ன மாத்திரை போடுறேன்னும் ராத்திரி தூங்குறியான்னும் கேளுங்க. அடுத்த எபிசோடுல பாப்போம்.