மனையை உயர்த்துமுன்

பிழைப்பை நாடி வேற்று மாநிலம் வந்த தமிழர்களாகிய நாம், குடியேறிய ஊரில் சொந்தமாக ஒரு வீடு கட்டும்போது, வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் அதில் இட்டுவிடுகிறோம். நம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும் மனையோ பெரும்பாலும் பள்ளமான மனையாகவே இருக்கிறது. அதனை உயர்த்தாமல் கட்டினால் வெள்ளம் நம் வீட்டில் புகும். அறியாமல் உயர்த்தினால் அண்டை வீட்டில் புகும். இவ்விரு கேடுகளையும் தவிர்ப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பெங்களூரு, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். இத்தகைய மேட்டு நகரில் வெள்ளமா என்று வியப்போர் உளர். நகரின் நடுவே பேராறு இல்லையே தவிர, மேட்டிலிருந்து பல திசைகளில் இறங்கும் பள்ளத்தாக்குகள் உண்டு. முன்னோர் அவற்றின் குறுக்கே கரை எழுப்பி ஏரிகளை அமைத்தனர். ஓர் ஏரி நிறைந்தால் மிகுநீரை அடுத்த ஏரிக்குக் கொண்டு செல்லும் பெருங்கால்வாயை இங்கே 'ராஜகாலுவே' என்பர். அக்கால்வாய்கள் குறுகியும் மறைந்தும் போன இடங்களில், நீர் தன் பழைய வழியைத் தேடி வருகிறது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், ஏமலூர்ப் பகுதிகளில் செல்வந்தர்களின் மாளிகைகளிலிருந்தும் மக்களைப் படகிலும் டிராக்டரிலும் மீட்க நேர்ந்தது.

அலசூர் ஏரிக்கு அண்மையிலுள்ள நம் மர்பி டவுனில், மனைகள் சிறியவை; வீடுகள் நெருங்கி நிற்பவை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத்தார் இடும் வழக்கத்தால், சாலை உயர உயர, பழைய வீடுகளின் வாசற்படி தாழ்ந்துகொண்டே போகிறது. ஆகையால், பழைய வீட்டை இடித்துக் கட்டுவோரும், நகரின் ஓரத்தில் புதுமனை வாங்குவோரும் கொத்தனாரிடம் முதலில் கேட்பது, "எத்தனை அடி ஏற்றலாம்?" என்பதுதான்.

அதற்கு விடை சொல்ல இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று, சாலையின் நடுப்பகுதி நிற்கும் மட்டம். மற்றொன்று, அப்பகுதியில் முன்பு வெள்ளம் எட்டிய மட்டம். சுவர்களில் படிந்த நீர்க்கறையும், நெடுநாள் குடியிருந்த முதியோரின் நினைவும் இதற்குச் சாட்சி. இவ்விரண்டில் எது உயரமோ, அதற்கு மேலே வீட்டின் உள்தளம் அமையவேண்டும். சாலை நாளை இன்னும் உயரக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். கழிவறைத் தளம் தெருவிலுள்ள சாக்கடைத் தொட்டியின் மூடியைவிடத் தாழ்ந்திருந்தால், மழை நாளில் கழிவுநீர் குழாய் வழியே எதிர்த்து வீட்டுக்குள் ஏறும். மனையை எவ்வளவு அழகாக நிரப்பினாலும் இந்தத் தீங்கு அதனால் நீங்காது.

இனிச் செலவைப் பார்ப்போம். முப்பதடிக்கு நாற்பதடி மனை என்பது 1,200 சதுர அடி. அதனை இரண்டடி உயர்த்த 2,400 கன அடி மண் வேண்டும். தளர்வாக வரும் மண் இடித்தபின் அடங்குமாதலால், ஏறத்தாழ 3,000 கன அடி, அதாவது 30 யூனிட் தருவிக்க நேரும். லாரி ஒன்றுக்கு இரண்டு யூனிட் எனில் பதினைந்து நடை. விலை மலிவு என்று குப்பையும் களிமண்ணும் கலந்த இடிபாட்டை ஏற்கலாகாது. களிமண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும், தளம் வெடிக்கும். நல்ல கிராவல் மண்ணை அரையடிக் கனத்தில் பரப்பி, நீர் தெளித்து, திம்சுக் கட்டையால் இடித்து, அதன் பின்னரே அடுத்த அடுக்கை இடவேண்டும். அஸ்திவாரமோ நிரப்பிய மண்ணின்மேல் நிற்கலாகாது. அது இயற்கையான கெட்டித் தரை வரை இறங்கவேண்டும்.

இத்தனையும் செய்தபின் எஞ்சுவது அண்டை வீட்டார் பற்றிய கேள்வி. தண்ணீர் பள்ளத்தை நாடும் என்பது பச்சைக் குழந்தையும் அறிந்தது. ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், 1,200 சதுர அடி மனையில் விழும் நீர் ஏறத்தாழ 11,000 லிட்டர். நேற்று வரை நம் முற்றத்தில் தேங்கிய அந்நீர், மனை முழுவதையும் நாம் மேடாக்கிவிட்டால் எங்கே போகும்? அவரும் உயர்த்துவார், அடுத்தவரும் உயர்த்துவார். முடிவில், உயர்த்தப் பணமில்லாத ஏழையின் வீடே தெருவுக்குக் குளமாகும். வேற்றூரில் நமக்குத் துன்பம் வந்தால் முதலில் ஓடிவருபவர் அண்டை வீட்டார். அவர் கன்னடராயினும் தமிழராயினும், அவருடைய நட்பை இழந்து பெறும் மேடு நமக்கு வேண்டியதில்லை.

எனவே, உயர்த்த வேண்டியது வீட்டின் உள்தளம். மனை முழுவதும் அன்று. சுற்றுவெளியை இயன்றவரை பழைய மட்டத்திலேயே விட்டு, அதன் சரிவை நம் எல்லைக்குள் ஒரு சிறு வாய்க்காலை நோக்கி அமைத்து, தெரு வடிகாலில் சேர்க்கவேண்டும். மண்ணைத் தாங்கும் சுவர் எழுப்பினால், அதன் கசிவுநீர் அடுத்த வீட்டுப் பக்கம் வழியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். மொட்டைமாடி நீரைத் தொட்டியில் பிடிப்பது நமக்கும் பயன், தெருவுக்கும் நன்மை. தமிழ்நாடு 2003-ஆம் ஆண்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பெங்களூரிலும் 2009-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், 1,200 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் புதுக்கட்டடங்களுக்கு அதனை விதித்தது.

தனி மனிதர் முயற்சிக்கு எல்லை உண்டு என்பதையும் மறக்கலாகாது. ஹொரமாவு பகுதியிலுள்ள சாய் லேஅவுட் 2025 மே மாதத்தில் நீரில் மிதந்தது. ரெயில் பாதைக்கு அடியிலுள்ள நீர்வழி குறுகலாக இருந்ததே பெரிதும் குறை கூறப்பட்டது. அத்தகைய இடத்தில் நம் தளம் மட்டும் உயர்ந்திருந்தால், பொருள்கள் நனையாமல் தப்பும். ஆனால் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வழி இராது. ஆகவே, முன்பணம் கொடுக்குமுன் கிராம வரைபடத்தில் கால்வாயும் ஏரியும் எங்கே குறிக்கப்பட்டுள்ளன என்று பார்த்துவிடுங்கள். ஐப்பசி மழையில் ஒருமுறை அங்கே போய் நின்று பாருங்கள். தெருவார் ஒன்றுகூடி வடிகாலைத் தூர்வாரச் செய்வது, ஆளுக்கு இரண்டடி மண் கொட்டுவதைவிட மலிவு, பயனும் நீண்டது.