ரப்பர் காட்டில் பிறந்த அமைச்சர்

(தோழர்கள் பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற வகுப்பு முடிந்து கலையும் வேளையில் உங்களில் ஓர் இளைஞர் என்னை வழிமறித்து ஒரு கேள்வி கேட்டார். “கொள்கையைப் பதவியில் இருந்துகொண்டே காப்பதா? பதவியை உதறிவிட்டு வெளியே வந்து காப்பதா? எது சரி?” என்றார். அன்று நான் சிரித்து மழுப்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால், அப்போது என்னிடம் விடை இல்லை. இன்றும் முழு விடை இருப்பதாகச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்குத் தன் வாழ்வையே பணயம் வைத்த ஒருவரின் வரலாற்றை எடுத்து வந்திருக்கிறேன். அவர் பிரேசில் நாட்டவர். பெயர் மரீனா சில்வா.

“நமக்கும் பிரேசிலுக்கும் என்ன தொடர்பு? எங்கோ இருக்கும் காட்டைப் பற்றி நாம் ஏன் கவலைப்படவேண்டும்?” என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு, தோழர்களே! 1876ஆம் ஆண்டு அமேசான் காட்டிலிருந்து 70,000 ரப்பர் விதைகளை ஓர் ஆங்கிலேயர் கப்பலேற்றிக் கொண்டுசென்றார். லண்டனில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் வந்தன. அந்தக் கன்றுகள் மரமானபோது, இருட்டோடு எழுந்து பால் வெட்டப் போனவர் யார்? கப்பலேறிச் சென்ற நம்மவர்! மலேயாத் தோட்டத்திலே தமிழன் வெட்டிய பால் பெருகப் பெருக, பிரேசில் ரப்பரின் விலை விழுந்தது. 1910களில் அமேசான் ரப்பர் வாணிபம் நொடித்தது. இங்கே ஓர் ஏழையின் வியர்வை, அங்கே இன்னொரு ஏழையின் அடுப்பை அணைத்தது. இருவருக்கும் அது தெரியாது. இலாபக் கணக்கு எழுதியவனுக்கு மட்டுமே தெரியும்.

அப்படி நொடித்துப்போன ரப்பர் காட்டிலே, ஆக்ரே என்னும் மேற்கு மூலை மாநிலத்தில், 1958ஆம் ஆண்டு பிறந்தவர் மரீனா. பெற்றோருக்குப் பிறந்த குழந்தைகள் 11 பேர். தங்கியவர் 8 பேர். மலேரியா வந்தது, மஞ்சள் காமாலை வந்தது; மருத்துவர் மட்டும் வரவில்லை. தந்தை பால் வெட்டினார், மகளும் வெட்டினாள். பாலைப் புகையில் காட்டி உருட்டி முதலாளியிடம் கொடுக்கவேண்டும். அரிசியும் உப்பும் அவரிடமே கடனாக வாங்கவேண்டும். விலையை அவரே வைப்பார், கணக்கையும் அவரே எழுதுவார். கடன் தீர்ந்த குடும்பத்தைக் காட்டுங்கள் என்றால் காட்டுவதற்கு ஆளில்லை! பள்ளிக்கூடம்? எழுத்தறிந்த தொழிலாளி கணக்கு கேட்பானே! ஆகவே அது கிடையாது.

தாயை இளவயதிலேயே இழந்த மரீனா, 16ஆம் வயதில், மஞ்சள் காமாலைக்கு மருத்துவம் தேடி ரியோ பிராங்கோ நகருக்கு வந்தார். அப்போது அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருந்துகொண்டு, முதியோர் எழுத்தறிவு வகுப்பில் அகரத்தைத் தொடங்கினார். கன்னியர் மடத்தில் சேர்ந்து படித்தார். 26ஆம் வயதில் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பட்டம் பெற்றார். பத்தே ஆண்டு! நம்மில் சிலர் ஒரு தேர்வில் தவறிவிட்டால் ஊரைக் குறை சொல்லுகிறோம்; அதை இங்கே விரித்துரைக்க நேரமில்லை.

அந்தப் பத்தாண்டில்தான் சீக்கோ மென்டிஸ் என்பாரின் நட்பு கிட்டிற்று. அவரும் பால் வெட்டும் தொழிலாளி, தொழிற்சங்கத் தலைவர். கால்நடைப் பண்ணை முதலாளிகள் காட்டை வெட்டிப் புல் வளர்க்க வந்தபோது, அவரும் தோழர்களும் ஒரு போர்முறையைக் கையாண்டார்கள். ஆயுதம் இல்லை. ஆண், பெண், பிள்ளை குட்டி அனைவரும் அணிவகுத்துச் சென்று, மரமறுக்கும் இயந்திர வாளுக்கு முன்னே நிற்பார்கள். அறுக்க வந்த கூலியாளிடம் பேசுவார்கள்: “நீயும் எங்களைப்போல் ஏழைதானே, இதைக் கீழே வை” என்பதுதான் பேச்சின் சாரம். பலமுறை அவன் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். சிலமுறை துப்பாக்கியோடு காவலர் வந்ததும் உண்டு. அந்த அணிவகுப்புகளில் மரீனாவும் நடந்தார்.

1986இல் இருவரும் தொழிலாளர் கட்சியின் சார்பில் தேர்தலில் நின்றார்கள். இருவரும் தோற்றார்கள். 1988 நவம்பரில் மரீனா ரியோ பிராங்கோ நகரமன்றத்துக்கு வென்றார். ஆறு வாரங்கூடச் செம்மையாகக் கழியவில்லை. டிசம்பர் 22ஆம் நாள் ஷப்பூரி ஊரில், தம் வீட்டுப் புறக்கடையில், சீக்கோ மென்டிஸ் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒரு பண்ணை முதலாளியும் அவர் மகனும் அந்தக் கொலைக்காகப் பின்னர்த் தண்டிக்கப்பட்டனர். வெற்றி விழா மாலை வாடுமுன்பே சாவு வீட்டு மாலை! அங்கிருந்துதான் மரீனாவின் பொதுவாழ்வு நடந்தது என்பதை மறவாதீர்கள். 1990இல் மாநிலச் சட்டமன்றம். 1994இல், 36ஆம் வயதில், நாட்டின் செனட் சபை.

2003 ஜனவரி. உலோகத் தொழிலாளியாக இருந்த லூலா குடியரசுத் தலைவரானார். மரீனா சுற்றுச்சூழல் அமைச்சரானார். இனித்தான், தோழர்களே, கதையின் கடினமான பகுதி வருகிறது.

அமேசானில் 2004ஆம் ஆண்டுக் கணக்கில் அழிந்த காடு 27,772 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்திலொரு பங்குக்கும் மேல், ஒரே ஆண்டில்! பிரேசிலில் காடு காக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. சட்டம் ஏட்டில் இருந்தது. வாள் காட்டில் இருந்தது. செயற்கைக்கோள் படம் எடுத்து ஆண்டுக்கொருமுறை கணக்குச் சொல்லுவார்கள். அதாவது பிணத்தை எண்ணிச் சொல்லுவார்கள். மரீனாவின் காலத்தில் வந்த புதிய முறை, வெட்டு நடக்கும்போதே எச்சரிக்கை கொடுத்தது. ஆள் அங்கே இருக்கும்போதே அதிகாரி போய் நிற்க முடிந்தது. இரண்டாவது, காடு சுற்றுச்சூழல் இலாகாவின் வேலை மட்டும் என்ற நிலையை மாற்றி, 2004இல் தீட்டிய திட்டத்தில் 13 அமைச்சகங்களைப் பிணைத்தார். சாலை போடும் இலாகா ஒரு பக்கம் காட்டைத் திறந்துவிட, காவல் இலாகா மறுபக்கம் ஓடிப்பிடிப்பதில் பொருளென்ன?

மூன்றாவது செயல் எனக்கு மிகப் பிடித்தது. 2005 ஜூனில் மாத்தோ குரோசோ மாநிலத்தில் கூட்டரசுக் காவல்துறை ஒரு பெரும் வேட்டை நடத்தியது. திருட்டு மர வணிகரோடு கைதானவர் யார் தெரியுமா? இபாமா என்னும் சூழல் காப்பு நிறுவனத்தின் அதிகாரிகள் சிலர், அதாவது மரீனாவின் சொந்த இலாகாவின் ஆட்கள்! எதிரியின் வீட்டு ஒட்டடையைக் காட்டிக் கைதட்டு வாங்குவது எளிது. தன் வீட்டுத் தூணில் செல் அரித்திருப்பதை ஊரறியத் தட்டிக்காட்டுவது எளிதன்று.

அதே ஆண்டு பிப்ரவரியில், ஏழை உழவர்க்காக நின்ற டோரதி ஸ்டாங் என்ற கன்னியாஸ்திரீ பாரா மாநிலத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து பெரும் பரப்புகள் காப்புக்காடுகளாக அறிவிக்கப்பட்டன. அவர் அமைச்சராயிருந்த காலத்தில் காப்புக்கு வந்த நிலம் 2 கோடி ஹெக்டேருக்கு மேல். 2007இல் அழிவு 11,651 சதுர கிலோமீட்டராக இறங்கிற்று.

தோல்வி இல்லையா என்றால், வரிசையாக உண்டு. மரபு மாற்றிய சோயாவை அவர் எதிர்த்தார், அரசு அனுமதித்தது. மடெய்ரா ஆற்றில் இரு பேரணைகளுக்கு உரிமம் வழங்கத் தயங்கினார். கடைசியில் 2007இல் உரிமம் தரப்பட்டது. அவர் பொறுத்தார். சொந்தக் கட்சியின் ஆட்சி, பல்லாண்டுத் தோழமை, விழுங்கினார்.

2007இன் கடைசி மாதங்களில் அழிவு மறுபடி ஏறியது. அவர் அதை மறைக்கவில்லை. மிகுதியாக அழிக்கும் 36 நகராட்சிகளின் பெயரை வெளியிட்டார். அதற்கும் மேலே, காட்டுச் சட்டத்துக்கு உட்படாத நிலவுடைமையாளர்க்கு வங்கிக் கடன் கிடையாது என்ற விதி 2008 பிப்ரவரியில் வந்தது. இது பணப்பையில் வைத்த கை! அபராதச் சீட்டைக் கிழித்துப்போடலாம். வங்கிக் கதவைக் கிழிக்க முடியுமா? மாத்தோ குரோசோவின் ஆளுநர் பிளைரோ மாகி, சோயா வாணிபத்தில் பெரும்புள்ளி, கணக்கே தவறு என்று கொதித்தார். விதியைத் தளர்த்தக் கோரி நெருக்கடி கிளம்பிற்று. அந்த வேளையில் அமேசான் வளர்ச்சித் திட்டத்தின் பொறுப்பை லூலா வேறோர் அமைச்சரிடம் கொடுத்தார். 2008 மே 13ஆம் நாள் மரீனா ராஜினாமா செய்தார்.

ஓடிவிட்டார் என்றனர் சிலர். நான் அப்படி எண்ணவில்லை. அவர் போன அதிர்ச்சியில், தளர்த்தத் துணிந்த கைகள் தயங்கின. அடுத்து வந்த அமைச்சர் கார்லோஸ் மிங்க் கடன் விதியை விட்டுக்கொடுக்கவில்லை. அது ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அவர் பேசிவந்த அமேசான் நிதி ஆகஸ்டில் பிறந்தது. 2012இல் காடழிவு 4,571 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. அவர் நாற்காலியில் இல்லை. அவர் போட்ட பூட்டு கதவில் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் நடந்த வழியை அப்படியே புகழ மாட்டேன். 2009இல் கட்சியை விட்டார். 2010இல் பசுமைக் கட்சியின் சார்பில் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று 1 கோடியே 96 இலட்சம் வாக்குப் பெற்றார். 2014இல் இன்னொரு கட்சியின் துணை வேட்பாளராயிருந்து, தலைமை வேட்பாளர் விமான விபத்தில் மாண்டதால் தாமே வேட்பாளரானார். பழைய தோழர்கள் அவரைச் சாடிய சாடல் கொடிது. அவரும் இரண்டாம் சுற்றில், முதலாளிகள் விரும்பிய அயேசியோ நேவிசுக்கு ஆதரவு தந்தார். கோபத்தில் செய்த காரியமா, கணக்குப் போட்டுச் செய்த காரியமா, எதுவாயினும் அது பிழை என்றே கருதுகிறேன். 2018இல் அவருக்குக் கிடைத்தது நூற்றுக்கு ஒன்று.

காடும் தன் கணக்கைக் காட்டிற்று. பொல்சனாரோ ஆட்சியில் அமேசான் நிதி முடக்கப்பட்டது. 2021இல் அழிவு 13,038 சதுர கிலோமீட்டருக்கு ஏறியது. 2022 செப்டம்பரில் மரீனா லூலாவோடு மீண்டும் கைகோத்தார். வெறுங்கையோடு வரவில்லை, தம் கோரிக்கைகளை எழுத்தில் வைத்துக்கொண்டு வந்தார். 2023 ஜனவரியில் மறுபடி அமைச்சர். இம்முறை அமைச்சகத்தின் பெயரிலேயே காலநிலை மாற்றமும் சேர்ந்திருந்தது. அழிவு 2022இல் 11,594, 2024இல் 6,288. ஏறக்குறையப் பாதி! ஆனால் 2024இன் வறட்சியில் காட்டுத்தீ கோரத் தாண்டவம் ஆடியது. வாளைத் தடுத்தவருக்கு நெருப்பைத் தடுப்பது அவ்வளவு கைவரவில்லை.

காங்கிரசிலோ பெரும்பான்மை பண்ணையாருக்கு. 2023 மே மாதமே அமைச்சகத்திலிருந்து கிராமப்புற நிலப் பதிவேட்டையும் தண்ணீர் நிறுவனத்தையும் பிடுங்கினர். அமேசான் ஆற்று முகத்துக்கு அப்பால் எண்ணெய் துளைக்க இபாமா 2023இல் மறுத்த அனுமதி, 2025 அக்டோபரில் வழங்கப்பட்டது. அதற்கு முன்பு, 2025 மே 27ஆம் நாள், செனட் குழுவொன்றின் முன் விளக்கம் தரப் போயிருந்தார். ‘உன் இடத்தில் இரு’ என்றார் ஓர் உறுப்பினர். பெண்ணுக்கு மரியாதை உண்டு, அமைச்சருக்கு இல்லை என்றார் மற்றொருவர். மன்னிப்புக் கேளுங்கள் என்றார் மரீனா, கேட்கவில்லை. எழுந்து வெளியேறினார். அறையைவிட்டுத்தான் வெளியேறினார், தோழர்களே. இம்முறை பதவியைவிட்டு அல்ல. 2008க்கும் 2025க்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அதே ஆண்டு நவம்பரில், அமேசானின் வாயிலில் உள்ள பெலெம் நகரில் உலகக் காலநிலை மாநாடு கூடிற்று. நிலக்கரியும் எண்ணெயும் விட்டு விலகும் வழித்திட்டம் வேண்டும் என்று அவர் வாதாடினார். இறுதித் தீர்மானத்தில் அது இடம்பெறவில்லை. மாநாடு முடிந்து ஒரு வாரம் ஆகவில்லை. சூழல் உரிமச் சட்டத்தில் லூலா நீக்கியிருந்த பகுதிகளில் பெரும்பாலானவற்றைக் காங்கிரஸ் திரும்பச் சேர்த்தது.

கேள்வி கேட்ட இளைஞர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். என் தரப்பைச் சொல்லிவிட்டேன். இனி அவர் எழுந்து பேசட்டும்.