எப்சம் வளவுகளில் நான்கு புறாக்கள்



இந்த மாதம் நான் பேச எடுத்துக்கொண்டது புறாக்களைப் பற்றி. "எங்கட ஊர் மணிப்புறா இஞ்சையும் இருக்குதோ?" என்று எப்சமில் வசிக்கும் எங்கள் முதியவர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளோ, பள்ளிக்கூடத்தில் கெரெரூ என்ற புறாவைப் படித்துவிட்டு வந்து, கூரையில் இருப்பதும் அதுதானா என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விகளுக்கும் ஒன்றாகவே பதில் சொல்லலாம். ஒக்லாந்தில் நாம் காணக்கூடிய புறாக்கள் நான்கு வகை. அவற்றை இனம் பிரித்தறிவது வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலாவது மாடப்புறா. கோயில் கோபுரங்களில் நாம் பார்த்த அதே பறவைதான். சாம்பல் நிறம், கழுத்தில் பச்சையும் ஊதாவுமான மினுக்கம், சிறகில் இரண்டு கறுப்புப் பட்டைகள். வளர்ப்புப் புறாக்களின் வழிவந்தவை என்பதால் வெள்ளை, கபிலம் என்று பல நிறங்களிலும் இருக்கும். கடைத்தெருவிலும் கூரைகளிலும் கூட்டமாகக் காணலாம்.

இரண்டாவது மணிப்புறா. பின்கழுத்தில் கறுப்பு நிறத்தின்மேல் வெள்ளைப் புள்ளிகள், மணி கோத்ததுபோல் இருக்கும். வால் நீளமானது. பறக்கும்போது வாலின் இரு ஓரங்களிலும் வெள்ளை தெரியும். குஞ்சுப் பருவத்தில் இந்த மணிகள் இராது. அப்போது வாலைப் பார்த்துத்தான் அடையாளம் காணவேண்டும். கூண்டிலிருந்து தப்பிய பறவைகளின் வழியாக இது 1920களில் ஒக்லாந்தில் பரவத் தொடங்கியது.

ஆனால் ஊர்ப் புறாவுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இலங்கை மணிப்புறாவின் முதுகிலும் சிறகிலும் வெளிர் நிறப் புள்ளிகள் நிறைந்திருக்கும். இங்குள்ளது தென்கிழக்காசிய வகை; அதன் முதுகு ஏறக்குறைய ஒரே கபில நிறம். பறவையியலாளர் சிலர் இவ்விரண்டையும் வெவ்வேறு இனங்களாகவே கணிக்கின்றனர். ஆகவே, "இது எங்கட ஊர்ப் புறா மாதிரி இல்லையே" என்று ஒரு அம்மம்மா சொன்னால், அவருடைய கண் பழுதில்லை என்று பிள்ளைகள் அறியவேண்டும்.

மூன்றாவது பார்பரிப் புறா. உடல் முழுவதும் பால்கோப்பி போன்ற வெளிர் நிறம். பின்கழுத்தில் ஒற்றைக் கறுப்புக் கோடு. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இதே கோட்டுடன் ஒரு புறா உண்டு. அது வேறு இனம். ஊர்ப் புறாவின் சிறகு நுனி கருமையாக இருக்கும். பார்பரிப் புறாவின் நுனி அவ்வளவு கருமையாக இராது. எப்சமில் இதைக் காண்பது அரிது. ஒக்லாந்தின் தென்புறக் கிராமப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம்.

நான்காவது கெரெரூ. நியூசிலாந்துக்கே உரிய புறா. மாடப்புறா ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர் என்றால், இது 50 சென்ரிமீற்றர். தலையும் நெஞ்சும் பச்சையும் ஊதாவுமாக மினுங்கும். வயிறு தூய வெள்ளை. அலகும் கால்களும் சிவப்பு. நெஞ்சின் நிறமும் வெள்ளை வயிறும் நேர்கோடாகப் பிரிந்து நிற்பதே சரியான அடையாளம். பறக்கும்போது சிறகு பலத்த ஓசை எழுப்பும். கரக்கா, தரைரே போன்ற மரங்களின் பெரிய பழங்களை முழுதாக விழுங்கி, விதையைத் தொலைவில் இடக்கூடிய பறவை இன்று இது ஒன்றே. இது குறைந்தால் காடும் குறையும்.

இனி, ஏன் பிரித்தறிய வேண்டும் என்பதற்கு வருகிறேன். ஊரில் கெற்றப்போலால் புறா அடித்துக் கறி வைத்த கதைகள் நம்மில் பலருக்கு உண்டு. பசிக்காகவும் அடித்தார்கள், விளையாட்டுக்கும் அடித்தார்கள். இங்கே கெரெரூவை வேட்டையாடுவது நூறு ஆண்டுகளுக்கு முன்பே தடைசெய்யப்பட்டது. 1953ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவையைக் கொன்றால் 2 ஆண்டுகள் வரை சிறையும் 100,000 டொலர் வரை தண்டமும் விதிக்கப்படலாம். "புறாதானே" என்ற ஒரு சொல் இந்த நாட்டில் போதாது. புதிதாக வந்திருக்கும் உறவினருக்கு, வங்கிக் கணக்கும் பேருந்து அட்டையும் காட்டிக் கொடுக்கும்போது இதையும் சொல்லி வையுங்கள்.

கெரெரூ கண்ணாடி யன்னலில் மோதி விழுவதும் உண்டு. அப்படிக் கண்டால், காற்றுப் போகத் துளையிட்ட மட்டைப்பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். சோறோ தண்ணீரோ ஊட்ட வேண்டாம். இயற்கை பேணல் திணைக்களத்தின் 0800 362 468 என்ற இலக்கத்துக்கு உடனே அறிவியுங்கள்.

வருகிற வார இறுதியில் கோர்ன்வோல் பூங்காவுக்குப் போனால், பாட்டன் பாட்டியையும் கூட்டிச் செல்லுங்கள். மணிப்புறா என்ற பெயரை அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். கெரெரூ என்ற பெயரைப் பிள்ளைகள் அவர்களுக்குச் சொல்லட்டும். முதலில் கழுத்து, அடுத்து வால், பிறகு வயிறு என்று பாருங்கள். நான்கையும் கண்டவர்கள் நிலையத்துக்கு எழுதுங்கள்.