பாதிச் சேலையும் பறிபோன மிதிவண்டியும்

(ஓரிக்கையில் படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"உலகத் திரைப்பட விழாக்களில் காட்டப்படும் அயல்நாட்டு நாடகங்கள்" என்ற தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். சுவரொட்டியைப் பார்த்துச் சிலர் சிரித்திருக்கக்கூடும். அறுந்த இழையை முடிவதற்கே பொழுது போதாத ஊரில், இத்தாலிக்காரன் எடுத்த படத்தைப் பற்றியும் ஜப்பான்காரன் எடுத்த படத்தைப் பற்றியும் பேச்சா? கூலி உயர்வு என்னாயிற்று, பட்டு விலை என்னாயிற்று, அதைச் சொல்லாமல் படத்தைப் பற்றி என்ன பேச்சு? கேட்கட்டும், கேட்பது அவர்கள் உரிமை. பதில் சொல்வது என் கடமை.

2008ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள், கனடா நாட்டு டொராண்டோ நகரிலே உலகத் திரைப்பட விழா. பல நாட்டுப் படங்கள் வந்து குவிந்திருக்கின்றன. சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள் அந்நாட்டு மக்கள். இருட்டிலே திரை ஒளிர்கிறது. தெரிவது யார்? ஒரு பட்டு நெசவாளி. எந்த ஊர்? உங்கள் ஊர்! பிரியதர்சன் இயக்கிய 'காஞ்சிவரம்' அன்று அங்கே திரையிடப்பட்டது. அவர்களுக்கு அது அயல்நாட்டு நாடகம். உங்களுக்கோ, அது அடுத்த தெருக் கதை. கடல் கடந்து போய்க் காஞ்சியின் கண்ணீரை யாரோ கண்டு கலங்க, காஞ்சியில் இருப்பவர்களுக்கு அதைப் பற்றி ஒரு மாலைப்பொழுது பேசக்கூட உரிமையில்லையா?

ஆகவே பேசுகிறேன்.

முதலில் இந்த ஊரின் பெயர். திருமழிசையாழ்வாரின் சீடன் கணிகண்ணன். என்னைப் பாடு என்றான் பல்லவ மன்னன். மனிதனைப் பாடேன் என்றான் அவன். ஊரை விட்டுப் போ என்றது அரச கட்டளை. சீடன் புறப்பட, குரு புறப்பட, பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பெருமாளும் பின்னாலே புறப்பட்டாராம்! ஓரிரவு அவர்கள் தங்கியிருந்த இடம் ஓரிருக்கை. அதுவே மருவி ஓரிக்கை ஆயிற்று என்பது வைணவர் சொல்லும் கதை. கதையை நம்புவோர் நம்பட்டும், நம்பாதோர் விடட்டும். அதன் உள்ளே இருப்பது என்ன என்று பாருங்கள். ஆணையிட்டபடி பாட மறுத்த ஒரு கலைஞன். அவனுக்காக ஊரே வெறிச்சோடிப் போனதும் இறங்கி வந்த ஓர் அரசன். இதற்கு இன்றைய பெயர் வேலைநிறுத்தம்! அப்படிப்பட்ட பெயரைத் தாங்கிய ஊரில் நின்றுகொண்டு, கலையைப் பற்றியும் வேலைநிறுத்தத்தைப் பற்றியும் சேர்த்துப் பேச நான் தயங்கவில்லை.

நம் நாட்டில் முதன்முதலாக உலகத் திரைப்பட விழா நடந்தது 1952இல். சனவரி 24ஆம் நாள் பம்பாயில் தொடங்கி, சென்னை, டில்லி, கல்கத்தா என்று ஊர் ஊராகச் சென்றது அந்த விழா. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தம் படங்களை அனுப்பியிருந்தன. அதுவரை நம்மவர் அறிந்த வெளிநாட்டுப் படம் என்றால் பெரும்பாலும் ஹாலிவுட் படம்தான்: மாளிகை, துப்பாக்கி, முத்தம்! அந்த விழாவிலேதான் இத்தாலியிலிருந்து ஏழைகள் வந்தார்கள். ஒப்பனையில்லாத முகத்தோடு, கிழிந்த சட்டையோடு, உண்மையான தெருவிலே நடந்து வந்தார்கள். வங்காளத்து பிமல் ராய், அந்த இத்தாலியப் படங்கள் தந்த உந்துதலால், இரண்டு பிகா நிலத்தைக் காப்பாற்றக் கல்கத்தாவில் ரிக்சா இழுக்கும் உழவனின் கதையை 1953இல் எடுத்தார். 'தோ பிகா ஜமீன்' என்ற அந்தப் படம் மறு ஆண்டே பிரான்சு நாட்டுக் கான் விழாவில் பரிசு பெற்றது. தமிழகம் மட்டும் தூங்கியதா? இல்லை. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ராஷோமோன்' தந்த தூண்டுதலில், 1954இல், பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' எடுத்தார் வீணை வித்தகர் எஸ்.பாலசந்தர். தமிழ்ப் படத்தில் பாட்டு இல்லையா என்று திகைத்தவர்கள் அன்று ஏராளம்.

ஆனால், என் பேச்சின் பொருள் இவையல்ல. இரண்டே இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட விரும்புகிறேன்.

ஒன்று, டி சிகா இயக்கிய 'மிதிவண்டித் திருடர்கள்'. 1948இல் வந்த இத்தாலியப் படம். 1952 விழாவில் நம் நாட்டில் காட்டப்பட்டது. உலகப் போர் முடிந்து உருக்குலைந்து கிடக்கிறது ரோம் நகரம். வேலையில்லை. அந்தோணியோ என்பவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. ஆனால் மிதிவண்டி இருந்தால்தான் வேலை என்கிறார்கள். வண்டியோ அடகுக்கடையில். மனைவி மரியா என்ன செய்கிறாள்? கட்டிலில் விரித்திருந்த விரிப்புகளை உருவுகிறாள், துவைக்கிறாள், மூட்டையாகக் கட்டி அடகுக்கடைக்குத் தூக்கிச் செல்கிறாள். அந்த அடகுக்கடையைக் காட்டுகிறார் பாருங்கள் இயக்குநர்! தரையிலிருந்து கூரை வரை அடுக்கடுக்காக, அடகுக்கு வந்த விரிப்பு மூட்டைகள்! அவற்றின் மேலே ஏணியில் ஏறுவதுபோல ஏறி, இந்த மூட்டையையும் அடுக்குகிறான் கடைக்காரன். வசனம் ஏதும் இல்லை. ஒரு நகரமே துணியை அடகு வைத்துச் சோறு தின்கிறது என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. துணியின் அருமை அறிந்த உங்களுக்கு அந்தக் காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை.

மீட்ட வண்டி முதல் நாளே களவு போகிறது. தகப்பனும் சிறுவன் புரூனோவும் ரோம் நகரத்தைச் சல்லடையாய்ச் சலிக்கிறார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் அந்தோணியோவே ஒரு வண்டியைத் திருடப் பார்க்கிறான், பிடிபடுகிறான், மகன் கண்ணெதிரே அறை வாங்குகிறான். சட்டம் அவனை விட்டுவிடுகிறது, வண்டிக்குரியவன் இரக்கப்பட்டதால். மகன் மெல்லத் தகப்பன் கையைப் பற்றிக்கொள்கிறான். கூட்டத்தில் கரைகிறார்கள் இருவரும்.

அந்தோணியோவாக நடித்தவர் நடிகரல்லர். லாம்பெர்த்தோ மஜ்ஜியோரானி என்னும் ஆலைத் தொழிலாளி. படம் உலகப் புகழ் பெற்ற பிறகு, ஆலையில் ஆட்குறைப்பு வந்தபோது அவர் வேலையை இழந்தார். "நீதான் நடிகனாகிப் பணம் சேர்த்துவிட்டாயே" என்ற எண்ணம்! வேலை இழந்தவனாக நடித்துப் பேரெடுத்தவன் மெய்யாகவே வேலை இழந்து நின்றான். உலகம் அந்தப் படத்துக்கு விருது மேல் விருதாகக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது படம், 'காஞ்சிவரம்'. அதன் தொடக்கமும் 1948தான். காவலர் சூழப் பேருந்தில் ஊருக்கு வருகிறான் சிறைக்கைதி வேங்கடம். பிரகாஷ்ராஜ் நடித்த பாத்திரம். பயணத்தினூடே பழைய கதை விரிகிறது. பட்டுச் சேலை கட்டிய பெண்ணையே மணப்பேன் என்று ஒருகாலத்தில் சொல்லித் தோற்றவன் அவன். மகள் பிறந்ததும் மறுபடி ஒரு வாக்குக் கொடுக்கிறான், ஊரறிய: இவளைப் பட்டுச் சேலையில் மணமேடை ஏற்றுவேன்! நெய்வது பட்டு, கூலியோ அரை வயிற்றுக் கஞ்சிக்குக் காணாது. என்ன செய்வான்? முதலாளியின் தறிக்கூடத்திலிருந்து பட்டிழையை வாய்க்குள் ஒளித்து எடுத்து வருகிறான். நாள்தோறும், ஆண்டு பலவாக. இரவிலே, யாரும் அறியாமல், மகளுக்கான சேலையை நெய்கிறான்.

இவனும் திருடன், அந்தோணியோவும் திருடன். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. ரோமாபுரித் தொழிலாளி திருட முனைந்தது பிறன் பொருளை. காஞ்சித் தொழிலாளி திருடியது, தன் விரல்களில் நாள் முழுதும் ஓடிக்கொண்டிருந்த இழையை. யார் பொருள் அது? சட்டம் ஒன்று சொல்கிறது. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்தவன் மனம் வேறொன்று சொல்கிறது.

இனி வருவதுதான், நம் தோழர்கள் சிலர் முகம் சுளிக்கும் பகுதி. வேங்கடம் பொதுவுடைமைக் கருத்தில் ஈடுபடுகிறான், நெசவாளர்களை ஒன்று திரட்டுகிறான், வேலைநிறுத்தம் மூள்கிறது. தறி நின்றால் இழை ஏது? இழை நின்றால் மகள் சேலை ஏது? போராட்டத்தை மூட்டியவனே போராட்டத்தை முறித்துக்கொண்டு வேலைக்குத் திரும்புகிறான். பிடிபடுகிறான், சிறை செல்கிறான். மகள் கிணற்றில் விழுந்து முடமாகிறாள். சில நாள் விடுப்பில் வந்த தகப்பன், தானே அவளுக்கு நஞ்சூட்டுகிறான். பிணத்தின் மேல், முடியாமல் நின்றுபோன அந்தச் சேலையைப் போர்த்துகிறான். முகத்தை மூடினால் கால் தெரிகிறது. காலை மூடினால் முகம் தெரிகிறது.

"தொழிலாளர் தலைவனைக் கருங்காலியாகக் காட்டலாமா?" என்று கேட்கிறார்கள். காட்டலாம் என்பேன். சங்கத்தின் கூட்டத்தில் கூலியைப் பற்றிப் பேசினார்கள், சுரண்டலைப் பற்றிப் பேசினார்கள். உன் மகள் திருமணத்துக்கு என்ன செய்யப்போகிறாய் என்று அவனிடம் கேட்டவர் எவருமில்லை. கேட்டிருந்தால் அவன் வாய்க்குள் இருந்த இழை வெளியே வந்திருக்கும். ஒவ்வொரு கிளைச் செயலாளரும் உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம் அது. முகத்துதி பாடும் படம் பத்து எடுக்கலாம். அவற்றால் நமக்கு ஆவது ஒன்றுமில்லை.

என் வழக்கு வேறிடத்தில் இருக்கிறது. டொராண்டோவில் பார்த்தவர்கள் பாதிச் சேலையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மறுபாதியை யார் காட்டுவது? 1953இல், கைத்தறியாளர் பட்டினியில் வாடியபோது, துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள் அறிஞர் அண்ணாவும் அவர்தம் தம்பிமார்களும். அண்ணா பிறந்ததும் நெசவாளர் குடும்பத்தில், இதே காஞ்சியில்தான். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. சேலையைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தது. இவையெல்லாம் தாமாக வந்தவையா? கெஞ்சிப் பெற்றவையா? சங்கங்களில் குறையில்லை என்று நான் சொல்லவில்லை. தறியே தொடாதவர் உறுப்பினராயிருந்த கதையை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். சட்டம் இருந்தும் விசைத்தறிச் சேலை கைத்தறிப் பெயரில் விற்பதையும் அறிவீர்கள். பிள்ளைகள் தறிக்குழியை விட்டு ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் ஆலைப் பேருந்தில் ஏறிப் போகிறார்கள். இதுவும் நாடகம்தான், இதை எந்த விழாவுக்கும் எவரும் இன்னும் அனுப்பவில்லை.

விருதுக்குக் குறைவில்லை. 2007ஆம் ஆண்டுக்கான சிறந்த படம் என்னும் தேசிய விருது 'காஞ்சிவர'த்துக்குக் கிடைத்தது. சிறந்த நடிகர் விருது பிரகாஷ்ராஜுக்கு. பின்னர் 2014இல் 'காக்கா முட்டை' அதே டொராண்டோவுக்குச் சென்றது. 2021இல், வறண்ட நிலத்தில் தகப்பனும் மகனும் நடக்கும் 'கூழாங்கல்', நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் புலி விருதை வென்றது. மகிழ்ச்சி. ஆனால் உங்களில் எத்தனை பேர் இவற்றைத் திரையில் பார்த்தீர்கள்? கை தூக்கச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். சென்னையில் 2003 முதல் உலகத் திரைப்பட விழா நடந்து வருகிறது. இங்கிருந்து சென்னை எழுபத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் காலைக் காட்சிக்குப் போனால் அன்றையக் கூலி போயிற்று. பேருந்துக் கட்டணம் போயிற்று. யார் கதை படமாகிறதோ, அவர்களுக்கு அரங்கின் கதவு எட்டாத தொலைவில் இருக்கிறது!

கதவு எட்டாவிட்டால் திரையை இங்கே கொண்டுவருவோம் என்கிறேன். சிற்றூர்களிலும் உலகப் பட விழா நடத்த முடியும் என்று முற்போக்கு எழுத்தாளர் கலைஞர் சங்கத்தார் தமிழகத்தில் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். படிப்பகத் தோழர்கள் முறைப்படி இசைவு பெறட்டும். நான்கு ஞாயிறு, நான்கு படம். முதல் வாரம் 'மிதிவண்டித் திருடர்கள்'. இத்தாலிய மொழி புரியாதே என்று அஞ்ச வேண்டாம். தமிழறிந்த தோழர் ஒருவர் பக்கத்தில் நின்று நாலு சொல் சொன்னால் போதும், எஞ்சியதை முகங்கள் சொல்லும். அடுத்து 'தோ பிகா ஜமீன்'. மூன்றாவதாக, நிமாய் கோஷ் என்ற வங்காளி தமிழகத்துக்கு வந்து, 1960இல் தொழிலாளர் வாழ்வைத் தமிழிலேயே எடுத்த 'பாதை தெரியுது பார்'. நல்ல படி கிடைக்குமா என்று இன்றிலிருந்தே தேடத் தொடங்க வேண்டும். நான்காம் வாரம் 'காஞ்சிவரம்'.

அந்த நாலாம் வாரம் நான் பேசப்போவதில்லை. நீங்கள் பேச வேண்டும். உடலுக்கு ஒரு வண்ணம், கரைக்கு ஒரு வண்ணம் என்று கோர்வை போட்டு நெய்ய மூன்று நாடா வேண்டும். கரைப்பக்கம் நாடா எறிய இன்னொரு கை வேண்டும். அப்படியிருக்க, படத்தில் வருவதுபோல் ஒருவன் தன்னந்தனியாக இரவில் அந்தச் சேலையை நெய்துவிட முடியுமா? வாயில் அடங்கும் இழையைக் கொண்டு ஒரு சேலைக்கு வேண்டிய பட்டைச் சேர்க்க எத்தனை ஆண்டு செல்லும்? இந்தக் கேள்விகளை டொராண்டோவில் எவரும் கேட்டிருக்க முடியாது. கேட்கத் தகுதி உள்ளவர்கள் இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்வரிசையை உங்களுக்கென்று ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். நூல் இழைப்பதும் பாவு புணைப்பதும் பெரும்பாலும் உங்கள் கைதான். படத்திலோ பேச்சிலோ உங்களுக்குக் கிடைக்கும் இடம் குறைவு. வேங்கடத்தின் மனைவி அன்னத்தைப் பற்றி ஆண்கள் எவரும் முதலில் வாய் திறக்கக் கூடாது என்று தலைவரிடம் இப்போதே கேட்டுக்கொள்கிறேன். காட்சி மாலை ஏழு மணிக்கு. விளக்கு வைத்ததும் வந்துவிடுங்கள். பாயும் குடிநீரும் படிப்பகத்தார் பொறுப்பு. திரைக்கு எட்டு முழ வெள்ளை வேட்டிகள் இரண்டைச் சேர்த்துத் தைத்தால் போதும். தைத்துத் தருவதாகத் தோழர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.