இசைத்தட்டு கற்பித்த பாடம்



35 ஆண்டுகள் பிள்ளைகளின் ஏடுகளைச் சிவப்பு மையால் திருத்தியவன் நான். திருத்துதல் ஆசிரியனின் கடமை என்பதில் எனக்கு என்றுமே ஐயம் எழுந்ததில்லை. எவ்வளவு திருத்தலாம் என்னும் கேள்விதான், ஓய்வு பெற்ற பின்னர் என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கு விடை கிடைத்த இடம் விந்தையானது: ஓர் ஆங்கில ராக் இசைக்குழுவின் இசைத்தட்டு. கிதார் பழகும் என் பேரன் அதை எனக்குப் போட்டுக் காட்டினான். பாட்டைக் காட்டிலும், அது உருவான வரலாறே என் உள்ளத்தில் தங்கிற்று.

இங்கிலாந்தின் துறைமுக நகரமாகிய லிவர்பூலைச் சேர்ந்த நான்கு இளைஞர்களின் குழு ‘பீட்டில்ஸ்’. 1962 ஜனவரி முதல் நாளன்று டெக்கா நிறுவனத்தார் அவர்களைப் பாடச் செய்து கேட்டனர். பின்னர் வேண்டாமென ஒதுக்கிவிட்டனர். இ.எம்.ஐ. நிறுவனத்தின் பார்லபோன் பிரிவிலிருந்த ஜார்ஜ் மார்ட்டின் அவர்களை ஏற்றுக்கொண்டார். அவர் கல்லூரியில் முறையாக இசை பயின்றவர். இளைஞர்களுக்கோ இசைக் குறியீட்டைப் படிக்கவும் தெரியாது.

‘சிங்கிள்’ என்பது அந்நாளில் ஏழங்குலத் தட்டு. நிமிடத்துக்கு 45 முறை சுழலும். பக்கத்துக்கு ஒரு பாட்டு. முதற் பக்கத்துப் பாட்டு எடுபட்டால்தான் தட்டு விலைபோகும். ஆதலால் மார்ட்டின், வேறொருவர் இயற்றிய ‘ஹவ் டூ யூ டூ இட்’ என்னும் பாட்டைத் தேர்ந்து கொடுத்தார். செப்டம்பர் 4 அன்று இளைஞர்கள் அதைப் பாடிப் பதிவு செய்தார்கள். ஆயினும் தங்கள் சொந்தப் பாட்டே வெளிவர வேண்டுமென்று வேண்டினார்கள். மார்ட்டின் இணங்கினார். ‘லவ் மீ டூ’ அக்டோபர் 5 அன்று வெளியாகி, விற்பனைப் பட்டியலில் 17ஆம் இடத்தை எட்டியது.

அடுத்து, ஜான் லெனன் இயற்றிய ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’யைக் கொண்டுவந்தார்கள். அது மெதுவாக நகரும் பாட்டாக இருந்தது. காலத்தை விரைவுபடுத்துங்கள் என்றார் மார்ட்டின். அவர்கள் அதை எடுத்துச் சென்று மாற்றியமைத்து வந்தார்கள். நவம்பர் 26 அன்று ஒலிப்பதிவு முடிந்ததும், உங்கள் முதலாவது முதலிடப் பாட்டு இதுவே என்று அவர் அங்கேயே கூறிவிட்டார். 1963 ஜனவரி 11 அன்று வெளிவந்த அத்தட்டு, பல பத்திரிகைகளின் பட்டியல்களில் முதலிடம் பெற்றது. ஒரு பட்டியலில் மட்டும் இரண்டாமிடம்.

அவர்கள் மறுத்த பாட்டு என்னவாயிற்று? மார்ட்டின் அதை ‘ஜெரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ்’ என்னும் மற்றொரு லிவர்பூல் குழுவுக்குக் கொடுத்தார். அவ்வாண்டு ஏப்ரலில் அதுவும் முதலிடத்தை அடைந்தது. ஆசிரியரின் மதிப்பீடும் பிழையன்று; மாணாக்கரின் பிடிவாதமும் பிழையன்று. பாட்டு நல்லதுதான், அவர்களுக்கு உரியதாக இல்லை, அவ்வளவே.

இதைக் கேட்டபோது எனக்கு ஒரு பையனின் நினைவு வந்தது. எட்டாம் வகுப்பு மாணவன். பள்ளி ஆண்டு விழாவுக்கென்று தன் தெருக் குழாயடியைப் பற்றி ஒரு பாட்டெழுதி வந்தான். யாப்பு தளர்ந்திருந்தது, சில அடிகள் நன்றாகவே இருந்தன. விழாவுக்கு இது பொருந்தாது என்று கூறி, நானே ஒரு வாழ்த்துப் பாவை எழுதிக் கொடுத்தேன். அவன் ஒரு சீரும் தவறாமல் பாடினான். அவையோர் கைதட்டினர். அதன்பின் அவன் எழுதிய பாட்டு எதையும் என்னிடம் கொண்டுவரவில்லை.

“தம்பி, பாட்டு உன்னுடையதாகவே இருக்கட்டும், நடை மட்டும் தளர்ந்திருக்கிறது. நாளைக்குச் சீர் செய்து கொண்டுவா” என்று நான் சொல்லியிருக்கலாம். இன்று வகுப்பறைகளில் நிற்கும் ஆசிரிய நண்பர்கள், நான் சொல்லத் தவறியதைத் தம் பிள்ளைகளிடம் சொல்வார்களாக.