வருவிருந்தும் வாயிற்காவலும்



வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் உறவினர் வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. வருகிறவர்களுள் பெரும்பாலோர் திருப்பதிக்குச் செல்ல விரும்புவர். சித்தூரிலோ திருப்பதியிலோ நம்மவர் வீடு ஒன்று இருந்துவிட்டால், விடுதி எதற்கு என்று அங்கேயே இறங்கிவிடுவர். அப்படி வரும் விருந்தினரைப் பற்றி நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, அதில் வீட்டுக்காரராகிய நமக்கு என்ன பங்கு உண்டு என்பவற்றையே இன்று பேச எண்ணுகிறேன். இது நான் ஏட்டில் மட்டும் படித்தறிந்த செய்தி அன்று. எங்கள் குடும்பம் பட்டறிந்த செய்தியும் ஆகும்.

என் தந்தையாரின் தமக்கை 1948-ஆம் ஆண்டு சித்தூரில் பிறந்தவர். அன்று சித்தூர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் அதனோடு சேர்ந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. இவ்வாறு எல்லைக்கோடு இருமுறை இடம் மாறியும், இப்புறமிருந்து அப்புறம் செல்ல எவரும் எவரிடமும் சீட்டுக் கேட்டதில்லை. இன்றும் கேட்பதில்லை. அத்தை பின்னர் மணமாகி மலேசியாவுக்குச் சென்றார். அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றார். சில ஆண்டுகளுக்கு முன், முதுமையில் ஒருமுறை ஊரைப் பார்க்க வேண்டும் என்று புறப்பட்டபோது அவர் கேட்ட முதற்கேள்வி, "நான் பிறந்த ஊருக்குப் போக எனக்கு அனுமதியா?" என்பதுதான்.

கேள்வியில் உள்ள ஏக்கம் நியாயமானது. ஆயினும் சட்டம் பிறந்த ஊரைப் பார்ப்பதில்லை. கையிலுள்ள கடவுச்சீட்டையே பார்க்கிறது. 'விசா' என்னும் சொல்லே இலத்தீன் மொழியில் 'பார்க்கப்பட்டது' என்ற பொருளிலிருந்து வந்தது. சீட்டைப் பார்த்தோம், வரலாம் என்பதே அதன் கருத்து. நேபாளம், பூட்டான் ஆகிய இரு நாட்டுக் குடிமக்களுக்கும், மாலத்தீவிலிருந்து குறுகிய காலச் சுற்றுலாவாக வருபவருக்கும் விசா வேண்டியதில்லை. ஏனைய அயல்நாட்டவர் பெரும்பாலும் அதனைப் பெற்றே வர வேண்டும். 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட நான்கு சட்டங்கள் இத்துறையை ஆண்டுவந்தன. அவற்றை நீக்கி, அவற்றின் இடத்தில் ஒரே சட்டமாகக் குடிவரவு, அயல்நாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

விசா பெறும் வழி முன்னைவிட எளிதாகியிருக்கிறது. 2014 நவம்பர் 27 முதல், பல நாட்டினர் தூதரகத்துக்குச் செல்லாமல் இணையத்தின் வழியாகவே விண்ணப்பிக்கலாம். இதனை மின் விசா என்கிறோம். சுற்றுலாவுக்கு மட்டுமன்றி உறவினரைக் காண வருவதற்கும் இதுவே போதும். முப்பது நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என இதில் வகைகள் உண்டு. கடவுச்சீட்டு ஆறு மாத காலமாவது செல்லத்தக்கதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உடையதாகவும் இருக்க வேண்டும். இவற்றோடு, 2025 அக்டோபர் முதல், வந்திறங்குவதற்கு முந்திய 72 மணி நேரத்துக்குள் மின் வருகை அட்டை ஒன்றையும் அயல்நாட்டவர் நிரப்ப வேண்டும்.

இங்கே தமிழர்க்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. ஒரு சீட்டில் முதலெழுத்து முன்னே நிற்கும். மற்றொன்றில் தந்தை பெயர் முழுதாகப் பின்னே நிற்கும். கடவுச்சீட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்திலும் எழுத வேண்டும். அழகுக்காக ஓர் எழுத்தைக்கூட மாற்றலாகாது. அரசின் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் பறிக்கும் போலித் தளங்களும் இருக்கின்றன. ஆகவே இந்திய அரசின் தளத்தில் மட்டுமே விண்ணப்பிக்குமாறு உறவினர்க்கு எழுதுங்கள்.

ஆப்பிரிக்காவிலோ தென்னமெரிக்காவிலோ பணிபுரியும் உறவினர் வருவதானால் இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. அங்குள்ள பல நாடுகளில் மஞ்சள் காய்ச்சல் உண்டு. இது மஞ்சள் காமாலை அன்று, வேறு நோய். இந்நோய் நம் நாட்டில் இல்லை. ஆனால் இதனைப் பரப்பவல்ல ஏடிஸ் கொசு இங்கே நிறைய உண்டு. டெங்குவைப் பரப்புவதும் அதுவே. நோய் ஒருமுறை நுழைந்துவிட்டால் வெப்பநாடாகிய நமக்குத் தடுப்பது அரிது. அதனால் அந்நாடுகளிலிருந்து வருவோர் தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். அது இல்லாதவர் ஆறு நாள் வரை தனியே தங்கவைக்கப்படலாம்.

சரி, அத்தை முறையாக விசா பெற்றுச் சென்னையில் இறங்கினார். திருப்பதிச் சாலையில் மாநில எல்லையைக் கடந்து சித்தூர் வந்து சேர்ந்தார். பேசி முடியாத பழங்கதைகளில் மூன்று நாட்கள் ஓடின. நான்காம் நாள் திருமலைக்குச் சென்றோம். தரிசனம் நன்றாகவே அமைந்தது. கீழே இறங்கி வந்த பின்புதான் அத்தையின் கைப்பையைக் காணோம் என்று தெரிந்தது. கடவுச்சீட்டும் அதனுள்ளேதான் இருந்தது.

புகார் எழுதிக் கொடுக்கச் சென்றோம். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இவர் எங்கே தங்கியிருக்கிறார்? அதற்கான பதிவு எங்கே?" என்றார். "எங்கள் வீட்டில்தான், என் சொந்த அத்தை" என்றேன். "உங்களுக்கு அத்தை; சட்டத்துக்கு அயல்நாட்டவர் அல்லவா?" என்றார் அவர். என்னால் மறுமொழி சொல்ல இயலவில்லை. அரசுப் படிவங்களை மொழிபெயர்ப்பதே என் தொழில். என் வீட்டுக்குரிய படிவத்தை நான் நினைக்கவில்லை.

அயல்நாட்டவர் ஒருவருக்குத் தங்க இடம் கொடுப்பவர், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அச்செய்தியைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். இதனை நெடுங்காலமாகச் 'சி' படிவம் என்று வழங்கிவந்தார்கள். விடுதிக்கும் சத்திரத்துக்கும் மட்டும் உரிய விதி என்று பலரும் எண்ணுகிறோம். தனி வீடும் இதில் அடங்கும் என்பது குடிவரவுத் துறையின் அறிவிப்பு. இப்போது இணையத்தின் வழியாகவே பதிவு செய்யலாம்.

கடவுச்சீட்டு தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார், அடுத்து அவருடைய நாட்டுத் தூதரகத்தில் தற்காலிக ஆவணம், அதன்பின் நம் நாட்டை விட்டு வெளியேறும் அனுமதி என ஒன்றன்பின் ஒன்றாகப் பெற வேண்டும். தங்கிய இடத்தின் பதிவு ஒழுங்காக இருந்தால் ஒவ்வொரு வாயிலும் எளிதில் திறக்கும். எங்களிடம் அது இல்லாமையால் விளக்கம் எழுதிக்கொடுப்பதிலேயே நாட்கள் கழிந்தன. அத்தையின் விமானம் போயிற்று. ஈப்போவில் நடந்த பேத்தியின் திருமணமும் அவர் இல்லாமலே நடந்தேறியது. அவர் எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. தவறு எங்களுடையதே.

இத்தகைய முதியோருக்கு நிலையான வழி ஒன்றும் உண்டு. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர், உரிய சான்று காட்டினால், கடல்கடந்த இந்தியக் குடிமகன் என்னும் அட்டையைப் பெறலாம். அது வாழ்நாள் முழுதும் பலமுறை வந்து செல்ல இடந்தரும். ஆனால் அது இரட்டைக் குடியுரிமை அன்று, வாக்குரிமை தராது, விளைநிலம் வாங்கவும் இடந்தராது. பழைய பள்ளிச் சான்றிதழ், பிறப்புப் பதிவு போன்றவை வம்சாவளியை மெய்ப்பிக்க உதவும். ஊரில் இருக்கும் நாம் அவற்றைத் தேடி எடுத்து அனுப்புவது பெரிய உதவியாகும்.

நேயர்களே, விருந்தோம்பல் நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதன்று. இலை விரிப்பதற்கு முன், விருந்தினரின் கடவுச்சீட்டையும் விசாவையும் ஒரு படியெடுத்து வீட்டில் வையுங்கள். அன்றைக்கே வருகையைப் பதிவு செய்யுங்கள். அரைமணி நேர வேலைதான். நம்மை நம்பி வந்தவர், வந்த வழியே குறித்த நாளில் திரும்பிச் செல்வதற்கு அதுவே துணை.