தரமணிக்குப் போன கீழாநெல்லி

மயிலாப்பூர் மாட வீதியில் கீரை விற்கும் அம்மாவிடம், "வீட்டுல ஒருத்தருக்குக் காமாலை" என்று சொல்லி வையுங்கள். மறுநாள் ஒரு கட்டு கீழாநெல்லி வந்துவிடும். இலைகளுக்கு அடியில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் காய்கள். வேரோடு அரைத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும் என்ற பக்குவமும் கூடவே வரும், காசில்லாமல்.

இந்தச் செடியைச் சென்னையிலேயே முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். செய்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் இருந்த நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜன்; பிறகு அந்தப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தர் ஆனவர். கூட இருந்தவர் லேசுப்பட்டவர் இல்லை. ஈரலைத் தாக்கிக் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு வாங்கிய பரூச் பிளம்பெர்க்! ரத்தத்தில் வைரஸ் தங்கிவிட்டவர்களில் சிலருக்குக் கீழாநெல்லிப் பொடி அடைத்த கேப்ஸ்யூல், சிலருக்கு மருந்தில்லாத கேப்ஸ்யூல். 30 நாள் கொடுத்தார்கள். 1988இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளியானது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் வைரஸின் அடையாளப் புரதம் மறைந்திருந்தது. மற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி.

பாட்டி வைத்தியம் ஜெயித்தது என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். தாய்லாந்தில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் சிகிச்சையிலும் கீழாநெல்லி இடம்பெறவில்லை.

அப்படியானால் தெருவுக்கு ஒருவர் "எனக்குக் குணமாச்சே" என்கிறாரே? அவர் சொல்வது பொய்யில்லை. அசுத்தமான தண்ணீராலும் சாப்பாட்டாலும் வரும் ஹெபடைடிஸ் ஏ, பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். பேர் மட்டும் மோருக்கு! ஈ வகையும் அப்படித்தான். ஆனால் கர்ப்பிணிகளுக்கு அது ஆபத்து.

பி வேறு ரகம். ரத்தம், ஊசி, உடலுறவு, பிரசவம் வழியாகத் தொற்றும். சேர்ந்து சாப்பிட்டால் தொற்றாது. உடம்புக்கு வெளியே 7 நாளாவது தாக்குப்பிடிக்கும். அதனால் தி. நகரோ அடையாறோ, எந்த சலூனிலும் புது பிளேடு கேட்கக் கூச்சம் வேண்டாம். கண் மஞ்சளாகாமலே பல வருஷம் உள்ளே இருந்து, ஈரல் சுருங்கிய பிறகு தெரியவருவதும் உண்டு.

பிறக்கும்போது தொற்றினால் 10 குழந்தைகளில் 9 பேருக்கு அது நிலைத்துவிடும். பெரியவர்களில் 100க்கு 5 பேருக்கும் குறைவு. அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி. பிறகு 6, 10, 14 வாரங்களில், பி தடுப்பும் சேர்ந்த பெண்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசி. இந்தியாவில் அரசுத் திட்டத்தில் அது 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான்.

தொற்று இருப்பவர்களுக்கு வைரஸை அடக்கும் மாத்திரை உண்டு. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஜூலை 28, பிளம்பெர்க்கின் பிறந்த நாள், உலக ஹெபடைடிஸ் தினம். அதற்குள் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, தொற்று இல்லையென்றால் மூன்று தவணை தடுப்பூசியைத் தொடங்கியிருப்பார்கள் என்று நம்புகிறோம்.